பிரவுசர் படுத்தும் பாடு: அறிகுறியைப் பார்த்து ஆளைப் பிடிப்பது

தக்கலையில் நான் நடத்துவது ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், லேப்டாப் சர்வீஸ் எல்லாம் கலந்த ஒரு சின்னக் கடை. உள்ளே வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்லும் புகார் ஒன்றுதான்: "நெட்டு சரியில்ல." நெட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். பிரவுசரின் வலது மேல் மூலையில் புதிர்த் துண்டு மாதிரி ஒரு படம் இருக்கிறதல்லவா, அதைத் தட்டினால் வரிசையாக 10, 15 எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்கள், இறங்கும். "இதெல்லாம் எப்ப போட்டீங்க?" என்று கேட்டால், "நான் ஒண்ணும் போடல்லியே!" என்பார்கள். பொய் சொல்லவில்லை. வீடியோ இறக்க ஒன்று, பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற ஒன்று, கூப்பன் கிடைக்கும் என்று ஒன்று என அந்தந்த நேரத்துக்குப் போட்டு மறந்தவை. நாம் மறந்துவிட்டாலும் அவை ஒவ்வொரு பக்கத்திலும் கூடவே உட்கார்ந்திருக்கின்றன.

கீழே சொல்வதெல்லாம் குரோமை வைத்து. எட்ஜ், பிரேவ் இரண்டும் அதே குடும்பம் என்பதால் மெனுக்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அவ்வளவுதான். பயர்ஃபாக்ஸ் மாறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

எதற்கும் முன்னால் இரண்டு நிமிடச் சோதனை

குரோமில் மேலே உங்கள் படமோ பெயரின் முதல் எழுத்தோ இருக்கும் வட்டத்தைத் தட்டி, கெஸ்ட் ஜன்னலைத் திறங்கள். அதில் உங்கள் எக்ஸ்டென்ஷன்கள் இருக்காது, பழைய குக்கி (தளங்கள் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு) இருக்காது, எந்த லாகினும் இருக்காது. தொல்லை கொடுத்த அதே தளத்தை அங்கே திறந்து பாருங்கள். இன்காக்னிட்டோவில் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் போதும். ஆனால் ஏதாவது ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு இன்காக்னிட்டோவிலும் ஓட எப்போதோ அனுமதி கொடுத்திருந்தால் சோதனையே தப்பாகிவிடும். அதனால் நான் கெஸ்ட்டைத்தான் நம்புவேன். பயர்ஃபாக்சில் மெனு, ஹெல்ப், ட்ரபிள்ஷூட் மோட் என்று போனால் எல்லா ஆட்-ஆனும் (எக்ஸ்டென்ஷனுக்கு அங்கே அதுதான் பெயர்) அணைந்த நிலையில் திறக்கும்.

கெஸ்ட்டில் தளம் சரியாக வேலை செய்கிறதா? அப்படியானால் குற்றவாளி உங்கள் எக்ஸ்டென்ஷன்களில் ஒன்று, அல்லது அந்தத் தளத்தின் பழைய குக்கி. கெஸ்ட்டிலும் அதே கூத்துதான் என்றால் எக்ஸ்டென்ஷனைத் திட்டுவதில் பயனில்லை; கடிகாரம், பழைய விண்டோஸ் பற்றிக் கீழே எழுதியிருக்கும் இடத்துக்கு நேரே போய்விடுங்கள்.

எக்ஸ்டென்ஷன்தான் என்று தெரிந்த பிறகு ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ், அதில் மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ். பட்டியலில் பாதியை அணையுங்கள். பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். தொல்லை போய்விட்டதா? ஆள் அணைத்த பாதியில் இருக்கிறான். போகவில்லையா? மிச்சப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 16 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நான்கு சுற்றில் பிடிபட்டுவிடும். எல்லாவற்றையும் அணைத்தும் தொல்லை நின்றபாடில்லை என்றால் குக்கி. முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னத்தைத் தட்டி, அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டும் நீக்குங்கள். "ஹிஸ்டரி எல்லாத்தையும் கிளியர் பண்ணு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குக்கியும் சேர்ந்து போய், எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும், பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது, அப்புறம் அது ஒரு தனிக் கதை.

திரையின் மூலையில் "வைரஸ் வந்துவிட்டது" என்று அறிவிப்பு வருகிறது

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். ரப்பர் விலை பார்ப்பதற்காக மகன் வாங்கிக் கொடுத்தது. "மக்கா, எனக்க கம்ப்யூட்டர்ல வைரஸ் கேறிட்டு" என்றார். திறந்து வைத்த அரை நிமிடத்தில் வலது கீழ் மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது. பெரிய ஆண்டிவைரஸ் கம்பெனியின் சின்னம் போலவே ஒரு படம், கூடவே "5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன" என்று ஆங்கிலத்தில். அது மறைவதற்குள் இன்னொன்று. அவர் பயந்துபோய் இரண்டு நாளாக லேப்டாப்பை மூடியே வைத்திருந்தாராம்.

அந்தப் பெட்டியை உற்றுப் பார்த்தால் கீழே சின்ன எழுத்தில் குரோம் என்றும், பக்கத்தில் ஏதோ ஒரு வாயில் நுழையாத தளத்தின் பெயரும் இருக்கும். விஷயமே அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது. இது வைரஸும் இல்லை, எக்ஸ்டென்ஷனும் இல்லை. ஏதோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் என்பதைத் தட்டுங்கள்" என்று சொல்லியிருக்கும், இவர் தட்டியிருப்பார். அவர் தட்டியது அறிவிப்பு அனுப்பும் அனுமதி. அன்றிலிருந்து அந்தத் தளம் மூடியிருந்தாலும் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும்.

செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அவருடையதில் 11 இருந்தன. மின்னஞ்சல் தவிர எல்லாவற்றையும் நீக்கினேன். அதே பக்கத்தில் மேலே, எந்தத் தளமும் இனி அனுமதி கேட்கக்கூடாது என்று ஒரு தேர்வு இருக்கிறது; அதையும் போட்டுவிட்டேன். "அம்புட்டுதானா?" என்று கேட்டார். அம்புட்டுதான். பெட்டியில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து "சர்வீஸ்" கேட்காமல் வந்தாரே, அது பெரிய காரியம். அந்தப் பக்கம் எடுப்பவர்கள் லேப்டாப்பை ரிமோட்டில் வாங்கிக்கொண்டு காசு பிடுங்குகிறவர்கள்.

தேடினால் வேறு எங்கோ போகிறது. முகப்புப் பக்கம் தானாக மாறிவிட்டது

இதுதான் கொஞ்சம் வேலை வாங்கும் கேஸ். முகவரிப் பட்டையில் அடித்துத் தேடினால் ஒரு கணம் ஏதோ பெயர் தெரியாத தளம் மின்னி மறைந்து, அப்புறம் வேறொரு தேடுபொறியில் போய் நிற்கும். நடுவில் மின்னிய அந்தத் தளத்துக்கு ஒவ்வொரு தேடலுக்கும் காசு. பிடிஎஃப் மாற்றி, வானிலை டேப், இலவச வால்பேப்பர் என்ற வேஷத்தில் வரும் எக்ஸ்டென்ஷன்கள் பல இதற்காகவே பிறந்தவை.

செட்டிங்ஸில் சர்ச் எஞ்சின் பகுதிக்குப் போங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பிடித்து வைத்திருந்தால் அதன் பெயரையே போட்டு, இந்த அமைப்பை இதுதான் கட்டுப்படுத்துகிறது என்று குரோமே காட்டிக்கொடுக்கும். பக்கத்திலேயே டிசேபிள் பொத்தானும் இருக்கும். அணைத்தால் மட்டும் போதாது, பட்டியலுக்குப் போய் ரிமூவ் செய்யுங்கள். ஆன் ஸ்டார்ட்அப் பகுதியில் தெரியாத முகவரி ஏதாவது இருந்தால் அதையும் நீக்குங்கள். பத்தில் ஏழு இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணக்கு.

முடியாத மூன்றைப் பற்றி.

டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். டார்கெட் என்ற பெட்டியில் குரோம் கோப்பின் பாதை, மூடும் மேற்கோள் குறியோடு முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு வலைத்தள முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், நீங்கள் ஐகானைத் தட்டும்போதெல்லாம் அந்தத் தளம்தான் திறக்கும். ஒட்டிய பகுதியை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள்.

நீக்கிய எக்ஸ்டென்ஷன் மறுநாள் உயிரோடு வந்து நிற்கிறதா? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சின்க், அதாவது ஒரே கணக்கில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பிரவுசரை ஒரே மாதிரி வைக்கும் வசதி. அதே ஜிமெயில் கணக்கு வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். அங்கே ஒரு இலவச மென்பொருள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். சின்க் அதை இங்கே இறக்கிவிடும். அதனால் இரண்டு இடத்திலும் சின்க்கை நிறுத்திவிட்டு, இரண்டு இடத்திலும் சுத்தம் செய்து, கடைசியில் சின்க்கைத் தொடங்குங்கள். இன்னொரு வழி, கண்ட்ரோல் பேனலில் நிறுவப்பட்ட நிரல்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்ப்பது. தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி, தெரியாத பெயர் ஒன்று நிச்சயம் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது, ரிமூவ் பொத்தானே இல்லாமல் இருப்பது. குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கல்லூரி, வங்கி, ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் அது இருக்க வேண்டியதுதான், தொடாதீர்கள். சொந்த லேப்டாப்பில் அந்த வரி இருந்தால் பெரும்பாலும் இரண்டு காரணம்: ஆண்டிவைரஸ் ஏதாவது போட்டிருக்கலாம், அல்லது கள்ளன் உள்ளே பூட்டுப் போட்டுக்கொண்டான். முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் அடித்தால் என்னென்ன கட்டளை நடைமுறையில் இருக்கிறது என்று பட்டியல் வரும். எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட் என்று ஒரு வரி இருந்தால் அதுதான் பூட்டு. முதலில் அதைப் போட்ட நிரலை நீக்குங்கள். அப்புறம் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் (விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் கருவி) லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று இறங்கி, அந்தக் கோப்புறையை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு அழியுங்கள். கரன்ட் யூசர் கிளையிலும் இதே பாதையைப் பார்க்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் செய்து சலித்துப்போனால் செட்டிங்ஸின் அடியில் ரீசெட் இருக்கிறது. புக்மார்க், ஹிஸ்டரி, சேமித்த பாஸ்வேர்டு எதுவும் போகாது. எக்ஸ்டென்ஷன்கள் அணையும், தேடுபொறி பழையபடி ஆகும், குக்கிகள் போகும். பயர்ஃபாக்சில் இதற்கு ரிஃப்ரெஷ் என்று பெயர். அங்கே ஆட்-ஆன்கள் மொத்தமாக நீங்கிவிடும்.

நன்றாக ஓடிய விளம்பரத் தடுப்பான் திடீரென்று செத்துவிட்டது

யாரும் எதையும் கெடுக்கவில்லை. கூகுள் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிமுறையை மாற்றிவிட்டது. பழைய விதிமுறை மேனிஃபெஸ்ட் வி2, புதியது மேனிஃபெஸ்ட் வி3. 2024 அக்டோபரிலிருந்து சாதாரணப் பயனர்களின் குரோமில் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை அணைக்கத் தொடங்கினார்கள். 2025-இல் அதைத் திரும்ப இயக்கும் வழியையும் மூடிவிட்டார்கள். நிறையப் பேர் வைத்திருந்த யூபிளாக் ஆரிஜின் இதில்தான் அடிபட்டது.

வித்தியாசம் இதுதான். முன்பு பிரவுசர் ஒவ்வொரு கோப்பையும் இறக்கப் போகும்போது "இதை விடவா?" என்று எக்ஸ்டென்ஷனைக் கேட்டு, அது சொன்னபடி செய்யும். சோதனைச்சாவடியில் எக்ஸ்டென்ஷனே நின்று வண்டி வண்டியாகப் பார்த்த மாதிரி. இப்போது தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை எக்ஸ்டென்ஷன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், சாவடியில் நிற்பது பிரவுசர். இதனால் எக்ஸ்டென்ஷன் உங்கள் போக்குவரத்தை எட்டிப் பார்ப்பது குறையும் என்பது ஒரு வாதம். தடுப்பானின் கை கட்டப்பட்டது என்பது எதிர் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது, எனக்கு இரண்டாவதுதான் உறைக்கிறது.

செய்ய வேண்டியது: குரோமிலேயே இருக்க வேண்டும் என்றால் யூபிளாக் ஆரிஜின் லைட் போடுங்கள், அன்றாடத் தேவைக்குப் போதும். முழு யூபிளாக் ஆரிஜின்தான் வேண்டும் என்றால் பயர்ஃபாக்சுக்கு மாறுங்கள், அங்கே அது இன்னும் ஓடுகிறது. போடும்போது பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வெறும் யூபிளாக் என்பது வேறு. செத்துப்போன எக்ஸ்டென்ஷனுக்குப் பதில் தேடுகிறவர்களைப் பிடிக்கவே ஒத்த பெயரில் பல வலை விரித்திருக்கிறார்கள்.

பயர்ஃபாக்சில் மட்டும் எல்லாம் பொன்னாக இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2019 மே 4 அன்று உலகம் முழுக்கப் பயர்ஃபாக்ஸ் பயனர்களின் ஆட்-ஆன்கள் மொத்தமாக அணைந்துபோயின. அவற்றைச் சரிபார்க்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டதுதான் காரணம். அடுத்தடுத்த நாட்களில் புதிய பதிப்பு விட்டுச் சரிசெய்தார்கள். எல்லா எக்ஸ்டென்ஷனும் ஒரே நேரத்தில் செத்தால் உங்கள் கம்ப்யூட்டரைக் குடைவதற்கு முன்னால் பிரவுசரை அப்டேட் செய்து பாருங்கள்.

படிவத்தை நிரப்பிச் சமர்ப்பித்தால் ஒன்றும் நடக்கவில்லை

கடையில் தினமும் நடப்பது இது. சான்றிதழுக்கு விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், ரசீது இறக்குவது. பொத்தானைத் தட்டினால் பக்கம் கல்லு மாதிரி நிற்கும். முதலில் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தைப் பாருங்கள். சிவப்புக் குறி போட்ட ஒரு சின்ன ஜன்னல் படம் தெரிந்தால் ரசீது புது ஜன்னலில் திறக்க முயன்றது, பிரவுசர் தடுத்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தட்டி இந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பணம் கட்டிய பிறகு இது நடந்தால் உடனே மறுபடி கட்டாதீர்கள். வங்கிக் குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தத் தளத்திலேயே பரிவர்த்தனை நிலை பார்க்கும் இடம் இருக்கும், அங்கே தேடுங்கள்.

அடுத்த சந்தேகம் விளம்பரத் தடுப்பான். அதன் ஐகானைத் தட்டி அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துவிட்டு ரீலோட். கேப்சா படமே வராமல் இருப்பது, கட்டணப் பக்கம் வெள்ளையாக நிற்பது இரண்டுக்கும் பல நேரம் இதுதான் மருந்து.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: மொழிபெயர்ப்பு. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் மலையாளத் தளங்களும் நிறையப் பார்ப்பார்கள். பக்கத்தைத் தானாக மொழிபெயர்க்கும் எக்ஸ்டென்ஷனை அதற்காகப் போட்டு வைத்திருப்பார்கள். அது விண்ணப்பப் படிவத்தையும் விடாது. ஒரு கல்லூரி மாணவி வந்தாள். கீழிறங்கும் பட்டியலில் தாலுகாவின் பெயரே இல்லை, அண்ணா, என்றாள். பார்த்தால் கல்குளம் என்பது "கல் குளம்" என்று பிரிக்கப்பட்டு, ஆங்கிலத்தில் கல்லும் குளமுமாக அர்த்தம் மாறி நின்றது. கண்ணுக்குத் தெரிவது மட்டும் இல்லை, மொழிபெயர்ப்பு பக்கத்தின் உள் அமைப்பையே மாற்றி எழுதுவதால் பொத்தான்களும் அறுந்துபோகும். படிவம் நிரப்பும் தளத்தில் மொழிபெயர்ப்பை அணைத்துவிடுங்கள். குரோமுக்குள்ளேயே இருக்கும் மொழிபெயர்ப்பிலும் "இந்தத் தளத்தை ஒருபோதும் மொழிபெயர்க்காதே" என்ற தேர்வு உண்டு.

ஒரு பக்கக் கதை. இறக்கிய சான்றிதழ் பிடிஎஃப்பில் கையெழுத்து இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி இருக்கிறது, செல்லாதா என்று கேட்பார்கள். பிரவுசரில் பிடிஎஃப் திறந்தால் டிஜிட்டல் கையெழுத்தை அது சரிபார்ப்பதில்லை, குறி அப்படியே நிற்கும். அக்ரோபாட் ரீடரில் திறந்து, கையெழுத்தின் மேல் வலது கிளிக் செய்து, கையெழுத்திட்டவரின் சான்றிதழை நம்பத்தக்க பட்டியலில் சேர்த்துச் சரிபார்க்கச் சொன்னால் பச்சை டிக் வரும். அதன் பிறகு பிரிண்ட் எடுங்கள். இ-ஆதாரும் இதே மாதிரிதான்.

தமிழில் அடித்தால் எழுத்து இரட்டையாக விழுகிறது

இரண்டு தட்டச்சுக் கருவிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. விண்டோஸில் இ-கலப்பையோ என்எச்எம் ரைட்டரோ இருக்கும், பிரவுசரில் இன்னொரு தட்டச்சு எக்ஸ்டென்ஷனும் இருக்கும். ஒரு விசையை இரண்டும் பிடிக்கின்றன. எக்ஸ்டென்ஷனை நீக்கிவிடுங்கள், விண்டோஸ் அளவில் இருக்கும் கருவி எல்லா இடத்திலும் வேலை செய்யும். ஒரே கருவிதான், இருந்தும் கொம்பும் காலும் குதிக்கிறது என்றால் ஆங்கில இலக்கணம் திருத்தும் எக்ஸ்டென்ஷன் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். நீங்கள் அடிக்கும் பெட்டிக்குள் அதுவும் எழுதப் பார்க்கும்.

குறுக்குவிசை மோதலும் உண்டு. மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தின் இடது பக்கம் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்று இருக்கும். தேவையில்லாததை அங்கே அழித்துவிடலாம்.

பிரவுசர் ஆமையாகிவிட்டது

ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு எஸ்கேப் அடியுங்கள். பிரவுசருக்கென்று தனி டாஸ்க் மேனேஜர் திறக்கும். நினைவகம் என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பவர் மேலே வருவார். டேப்கள் தனியாக, எக்ஸ்டென்ஷன்கள் தனியாகப் பெயரோடு இருக்கும். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் ஒரு எக்ஸ்டென்ஷன் மட்டும் நூற்றுக்கணக்கான எம்பி எடுத்துக்கொண்டிருந்தால் அதை வைத்திருப்பதில் நியாயம் இல்லை.

டேப்களைத் தூங்க வைக்கத் தனி எக்ஸ்டென்ஷன் போடும் காலம் போய்விட்டது, குரோமிலேயே மெமரி சேவர் இருக்கிறது. அந்தக் காலத்தில் இதற்குப் பேர்போனது தி கிரேட் சஸ்பெண்டர். 20 லட்சத்துக்கு மேல் பயனர்கள். 2020-இல் அதை உருவாக்கியவர் வேறு கைக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று வெளியே தெரியவில்லை. 2021 பிப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருக்கிறது என்று சொல்லிக் கூகுள் கடையிலிருந்து தூக்கியது. போட்ட நாளில் நல்லதாக இருந்த ஒன்று, ஆள் மாறியதும் கெட்டதாகிவிட்டது. அதனால்தான் பழசாக இருந்தாலும் எக்ஸ்டென்ஷனின் டீடெயில்ஸ் பக்கத்தைப் பாருங்கள் என்கிறேன். எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி இருக்கிறது என்றால் வங்கிப் பக்கமும் அதில் அடக்கம். அங்கேயே சைட் ஆக்சஸ் என்ற இடத்தில், நான் தட்டும்போது மட்டும் என்று மாற்றலாம். வீடியோ இறக்கும் எக்ஸ்டென்ஷனுக்கு வங்கிக் கணக்கில் என்ன ஜோலி?

காற்று வரைபடம் கறுப்பாக நிற்கிறது

குளச்சலிலிருந்து வரும் ஒரு தம்பி கடலுக்குப் போவதற்கு முன் காற்று, அலை வரைபடம் பார்ப்பான். கள்ளக்கடல் (இங்கே காற்றே இல்லாதபோதும் திடீரென்று கரையேறும் பேரலை) எச்சரிக்கை வந்தால் இரண்டு மூன்று தளத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பான். ஒரு நாள் எல்லா வரைபடமும் கறுப்பு. எழுத்து தெரிகிறது, படம் இல்லை. கெஸ்ட்டிலும் அப்படியே. இது பழைய கிராஃபிக்ஸ் டிரைவரின் வேலை. செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துவிட்டு பிரவுசரை மூடித் திறந்தோம், வந்துவிட்டது. கொஞ்சம் மெதுவாக நகரும், பரவாயில்லை. டிரைவரைப் புதுப்பித்த பிறகு திரும்ப இயக்கிக்கொள்ளலாம்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பில்லை" என்கிறது

கடிகாரத்தைப் பாருங்கள். தேதி 2015 என்றோ 2009 என்றோ இருந்தால் விஷயம் முடிந்தது. தளங்களின் சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று பிரவுசர் உங்கள் கடிகாரத்தை வைத்துத்தான் சரிபார்க்கிறது. மழைக்காலத்தில் இங்கே கரன்ட் போய் வந்தபடி இருக்கும்போது பழைய டெஸ்க்டாப்கள் இப்படி வரிசையாகக் கடைக்கு வரும். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். கரன்ட் நின்றதும் கடிகாரம் எல்லாவற்றையும் மறந்துவிடும். பேட்டரி சில பத்து ரூபாய்தான். மாற்றி, தேதியைச் சரிசெய்து, நேரம் தானாக அமையும்படி விண்டோஸில் போட்டுவிடுங்கள்.

கடிகாரம் சரியாகவே இருந்து, விண்டோஸ் 7 ஓடுகிறது என்றால் வேறு பிரச்சினை. அதில் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, 2023 தொடக்கத்தில். அதற்குப் பிறகு வந்த தளங்கள் சில அதில் அரைகுறையாகத்தான் தெரியும். எக்ஸ்டென்ஷனை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கம்ப்யூட்டர் தாங்கும் என்றால் விண்டோஸை மாற்றுங்கள், தாங்காது என்றால் லேசான லினக்ஸ் ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

"இதெல்லாம் போன்ல பண்ண முடியுமா?"

ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போடும் வசதியே கிடையாது. பயர்ஃபாக்சில் போடலாம்; 2023 டிசம்பரிலிருந்து நூற்றுக்கணக்கான ஆட்-ஆன்களைப் போனுக்கும் திறந்துவிட்டார்கள். யூபிளாக் ஆரிஜின் அதற்கு முன்பே போனில் இருந்தது. மேலே சொன்ன நோட்டிஃபிகேஷன் தொல்லைக்குப் போன் குரோமிலும் அதே சைட் செட்டிங்ஸ்தான்.

ஆனால் பிரவுசரைத் திறக்காமலே முழுத்திரை விளம்பரம் வந்து விழுகிறது என்றால் அது ஏதோ ஒரு ஆப். டார்ச், கிளீனர், பேட்டரி சேவர் இந்த மூன்றையும் முதலில் சந்தேகப்படுவேன். விளம்பரம் திரையில் நிற்கும்போதே, சமீபத்திய ஆப்களைக் காட்டும் பொத்தானைத் தட்டுங்கள். விளம்பரத்தின் மேல் அந்த ஆப்பின் படமோ பெயரோ இருக்கும். படமே இல்லாமல் வெறுமையாக இருந்தால் செட்டிங்ஸில் பிற ஆப்களின் மேல் தோன்றும் அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். போன வாரம் ஒரு அக்காவின் போனில் அந்தப் பட்டியலில் இருந்தது தங்க விலை காட்டும் ஆப். நீக்கிவிட்டு, கடையில் அரை மணி நேரம் உட்காரச் சொன்னேன். விளம்பரம் வரவில்லை. "அப்ப தங்க வெல எதுல பாக்க?" என்று கேட்டார். பிரவுசரில்தான், அக்கா.